லூபஸும் எலும்பு அடர்த்தியும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு வயது 32. லூபஸுக்காக (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) ஓராண்டாகத் தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்புக்கு டி ஸ்கோர் மைனஸ் 2.6, இஸட் ஸ்கோர் மைனஸ் 2.3 என வந்துள்ளது. மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?
- வாசகி, கரூர்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. ஓராண்டாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் உடலுக்கான ஸ்டீராய்டைச் சுரக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கியிருக்கும் லூபஸும் கிளம்பும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி. தினம் 5 மி.கி.க்கு மேல் போகாமல் வைத்திருப்பதே இப்போதைய இலக்கு. அசாதயோபிரின், மைகோபினோலேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைச் சேர்த்து அதை எட்ட முடியுமா என்று உங்கள் வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, இளவயதினரோடு ஒப்பிடும் டி ஸ்கோரை அல்ல, சம வயதினரோடு ஒப்பிடும் இஸட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்கேற்ற அடர்த்தி இல்லை என்று பொருள். ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எண் சுமாராக இருக்கும்போதே எலும்பு உடையும். புது எலும்பைக் கட்டும் செல்களை ஸ்டீராய்டு முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் குறைகிறது. முதுகெலும்பு வலியே இல்லாமல் நசுங்கும் என்பதால், பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் எடுங்கள். உயரத்தை அளந்து குறித்து வையுங்கள்.

எலும்பு இழப்பு வேகமாக நடப்பது ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஆறு மாதங்களில். ஸ்கேனையோ பலரும் எங்காவது முறிந்த பிறகுதான் எடுக்கிறார்கள்!

எலும்பு இழப்பைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து தேவைப்பட்டால், குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் அது ஆகாது. வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கேள்வி: 1250 மி.கி. கால்சியம் மாத்திரை தினம் இரண்டு சாப்பிடுகிறேன். அதிகமா? வைட்டமின் டி-க்கு வெயிலில் நிற்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1250 என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் 500 மி.கி.தான். உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. போதும். 200 மி.லி. பால் இரண்டு வேளை, 50 கிராம் கேழ்வரகு என்றாலே ஏறக்குறைய 650 மி.கி. வந்துவிடும், அப்படிச் சாப்பிட்டால் ஒரு மாத்திரை போதும். சிறுநீரகக் கல்லோ லூபஸால் சிறுநீரகப் பாதிப்போ இருந்தால் கேட்காமல் தொடராதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் எடுப்பவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் மேல். லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை.

வெயில் வேண்டாம், லூபஸை அது தூண்டிவிடும். ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்து மருந்தாகவே எடுங்கள். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என எழுதினால் வாரம் ஒன்றுதான். தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் எனத் தொடங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: முகாமில் குதிகாலை வைத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் நடந்தால் தொடை இடுக்கில் வலிக்கிறது. எனக்கும் லூபஸ்தான்.
- வாசகர், மதுரை

பதில்: குதிகாலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட், அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. உங்கள் வலிக்கு அடர்த்தி காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துப்போவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், டெக்ஸாவிலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுங்கள், பெரும்பாலும் இரு பக்கமும் வருவதால் இரண்டு இடுப்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை பாரம் தூக்காதீர்கள். கைத்தடியை, வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.