காசு கட்டித்தான் பாட்டுக் கேட்கிறேன். பிறகு ஏன் என் பட்டியலில் இருந்த பாட்டுகள் காணாமல் போகின்றன?

கேள்வி கேட்டவர் மாதாமாதம் ஓர் இசைச் செயலிக்குக் காசு கட்டுகிறவர். பார்த்துப் பார்த்துச் சேர்த்த பழைய பாட்டுப் பட்டியலில் பாதி ஒரு நாள் சாம்பல் நிறமாகிவிட்டதாம், தொட்டால் பாடவில்லையாம். "காசு கொடுத்த பாட்டு என்னுடையது இல்லையா?" என்று கேட்கிறார்.

இல்லை. நீங்கள் கட்டுவது வாடகை. பாட்டின் உரிமை வைத்திருக்கிற கம்பனிக்கும் செயலிக்கும் ஒப்பந்தம் இருக்கும்வரை பாட்டு இருக்கும். அந்த ஒப்பந்தமும் நாடு நாடாகப் பிரித்துத்தான் எழுதப்படுகிறது. பழைய தமிழ்ப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்த அடி அதிகம். எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் வந்த பாட்டுகளில் பெரும் பகுதி இன்று சரிகம நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2019 இல் ஸ்பொட்டிஃபை என்ற இசைச் செயலி இந்தியாவில் இறங்கியதுமே சரிகமவோடு பேச்சு முறிந்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அந்தப் பாட்டுகள் முழுவதும் எடுக்கப்பட்டன. 2020 இல் இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்த பிறகுதான் திரும்பி வந்தன. காசு கட்டிய ரசிகருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

"நான் தரவிறக்கி வைத்திருக்கிறேனே" என்பீர்கள். அந்தக் கோப்பு பூட்டுப் போட்ட கோப்பு. ஸ்பொட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்குள் போய் வராவிட்டால் தரவிறக்கியதும் பாடாது. மற்றச் செயலிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நான் பாவிப்பது வேறொன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பக்கம் போன் சிக்னலும் சேர்ந்து போய்விடும். இருட்டில் அம்மாவுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுக்கலாம் என்று போனை எடுத்தேன். இணையத்தில் இணையச் சொல்லிவிட்டு நின்றது. அம்மா ஒன்றும் பேசாமல் அலுமாரிக்கு மேலே இருந்த பற்றரி ரேடியோவைக் கையால் காட்டினார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு மனம் விட்டுப்போனது வேறு இடத்தில். அப்பா 2021 இல் தவறினார். அந்தியேட்டி முடியும்வரை 31 நாளும் வீட்டில் தேவாரமும் திருவாசகமும்தான், என் போனில்தான். வருடக் கடைசியில் செயலி எனக்கு ஒரு வண்ண அட்டை தயாரித்து அனுப்பியது: இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்டது இது, இத்தனை தடவை, நண்பர்களுடன் பகிருங்கள். சாவு வீட்டில் என்ன கேட்டோம், எத்தனை மணிக்குக் கேட்டோம், விடியற்காலை மூன்று மணிக்கு யார் நித்திரை இல்லாமல் இருந்தார் என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில் எண்ணப்பட்டுக் கிடக்கிறது. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பயனர் கேட்டால் அவரைப் பற்றிச் சேர்த்த தரவை விளக்கமாகச் சொல்லவேண்டிய கடமையை ஸ்பொட்டிஃபை ஒழுங்காகச் செய்யவில்லை என்று சுவீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் 58 மில்லியன் குரோனர் தண்டம் போட்டது. ஐரோப்பாவில் 2018 இல் இருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது, அதனால் முடிந்தது. இங்கே இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கியமான பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

அப்பாவுக்குக் கசெட் பைத்தியம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் 1979 இல் நடந்த மேளச்சமாவை, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரியை, தன் ரெக்கோடரில் பிடித்து வைத்திருந்தார். ரி.டி.கே. சி-60, ஒரு பக்கம் அரை மணித்தியாலம். 2004 இல் கடல் வந்தபோது மேல் தட்டில் இருந்ததால் தப்பியது. அப்பா போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி, பஞ்சால் துடைத்து, பழைய டெக்கில் போட்டு, வயர் கொடுத்து மடிக்கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். மூன்று இரவு எடுத்தது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைகிறது, ஒரு குழந்தை அழுகிறது, நடுவில் அப்பாவின் குரல்: "சத்தம் போடாதேங்கோ, பதியுது."

ஊரில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஒரு காணொளித் தளத்தில் ஏற்ற நினைத்தேன். வாசித்த வித்துவான் இப்போது இல்லை. எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வாசித்தவருக்கும் உரிமை கொடுக்கிறது, பதிவான ஆண்டுக்குப் பிறகு 50 ஆண்டு. அதனால் அவருடைய மகனைத் தேடிப் போய்க் கேட்டேன். "அப்பா ஊருக்குத்தானே தம்பி வாசிச்சவர். நாலு பேர் கேக்கட்டும், போடுங்கோ" என்றார். கேட்கவேண்டியவரைக் கேட்டாயிற்று என்று நிம்மதியாக ஏற்றினேன்.

இரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நாலாவது நிமிடம் 12 ஆவது செக்கனிலிருந்து ஒன்பதாவது நிமிடம் 40 ஆவது செக்கன் வரை வேறொருவரின் சொத்து என்று ஒரு கம்பனி உரிமை கோருகிறதாம். அந்த இடத்தில் வாசிக்கப்படுவது தியாகராஜர் கீர்த்தனை. தியாகராஜர் மறைந்தது 1847 இல். அவர் மெட்டுக்கு உலகத்தில் யாருக்கும் இன்று உரிமை இல்லை. யாரோ அதே கீர்த்தனையை அல்பமாக விற்றிருக்கிறார்கள், இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று என்று முடிவு கட்டிவிட்டது. அப்பா "சத்தம் போடாதேங்கோ" என்று சொல்வதும் அந்த ஐந்தரை நிமிடத்துக்குள்தான் வருகிறது. என் அப்பாவின் குரலுக்கு முன்னால் விளம்பரம் ஓடியது, காசு அவர்களுக்குப் போனது.

ஆட்சேபம் எழுதினேன். அந்த ஆட்சேபத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் உரிமை கோரிய அதே கம்பனி. 30 நாள் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு வரி. மேன்முறையீடு செய்தேன், அவர்கள் முறையான நீக்கல் அறிவித்தல் அனுப்பினார்கள், காணொளி போய்விட்டது.

அடுத்த படிதான் கேள்விக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த நீக்கல் அறிவித்தல் அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின்படி நடக்கிறது. காணொளியை மீட்க வேண்டுமென்றால் எதிர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதில் என் முழுப் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் வேண்டும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று ஒப்பம் வைக்க வேண்டும். தவறாகத்தான் நீக்கினார்கள் என்று நான் நம்புவதாகச் சத்தியம் செய்ய வேண்டும், பொய்யானால் தண்டனை. அதன் பிரதி அப்படியே முறைப்பாடு செய்தவர் கைக்குப் போகும். அவர் 10 முதல் 14 வேலைநாளுக்குள் வழக்குப் போடாவிட்டால்தான் காணொளி திரும்பும். முறைப்பாடு செய்தவர் தண்டனைக்குப் பயந்து சத்தியம் செய்யவேண்டியதோ ஒன்றே ஒன்று: உரிமையாளர் சார்பில் பேசத் தனக்கு அதிகாரம் உண்டு என்பது. அது உண்மையிலேயே அவர் பொருள்தானா என்பதற்கு அந்தச் சத்தியம் வேண்டியதில்லை.

படிவத்தை மகள்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, வீட்டு விலாசம் கேக்குது" என்றாள். சமையலறையிலிருந்து மனைவி வந்துவிட்டார். "இஞ்சருங்கோ, விலாசம் குடுக்க வேண்டாம்." இந்த ஊரில் ஐம்பது தாண்டிய தமிழருக்கு அது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில், வீட்டுப் பதிவில், பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே வாழ்ந்த ஆட்கள் நாங்கள். எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கம்பனிக்கு, ஒரு பாட்டுக்காக, திரும்பவும் எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. படிவத்தை மூடிவிட்டோம்.

பதிப்புரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் திருகோணமலையைச் சேர்ந்த எம்.பி. பரமேஸ் போன்றவர்கள் ஈழத்து மெல்லிசையை இசைத்தட்டில் கொண்டுவந்த காலத்தில் பட்ட பாட்டுக்கு அவர்களுக்குப் பலன் வரவேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஆனால் 2024 இல் இருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே இல்லை. எங்கள் ஊர்ப் பாடகர்களில் எத்தனை பேரின் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டும்? சிறிய கலைஞருக்கும் கிடைக்காமல், கேட்கிறவருக்கும் நிலைக்காமல் இருக்கிற ஏற்பாட்டைக் கலைஞரின் பெயரால் நியாயப்படுத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால்: செயலியை விடத் தேவையில்லை, புதுப் பாட்டுக் கேட்க அது வசதிதான். உயிர்ப் பாட்டு என்று நினைப்பவற்றைச் சிடியாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ காசு கொடுத்து வாங்குங்கள். சட்டப்படி வாங்கிய பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க மேலே சொன்ன 2003 சட்டம் இடம் கொடுக்கிறது. செயலியின் அமைப்புகளுக்குள் போய் விளம்பரத்துக்காகத் தரவு பாவிக்கும் அனுமதியை நிறுத்துங்கள், தனிப்பட்ட முறையில் கேட்கும் வசதி இருந்தால் துக்க நாட்களிலாவது அதைப் போடுங்கள். மேளச்சமாவை இப்போது நான் பென் டிரைவில்தான் கொடுக்கிறேன். வித்துவானின் மகனுக்கு இரண்டு பிரதி.

முக்கியமாக, இன்றைக்கே உங்கள் பட்டியலில் உள்ள பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் பாவிக்கும் செயலியில் ஒப்பந்தம் போனால் சில நேரம் பெயரும் சேர்ந்து போய்விடுகிறது. அப்பா மத்திய வீதி ரெக்கோடிங் பாருக்கு எழுதிக் கொடுத்த பாட்டுப் பட்டியல் கசெட் உறைக்குள் மடித்தபடி இன்னும் இருக்கிறது. என் பட்டியலில் இருந்து போன மூன்று பாட்டுகளில் ஒன்றுக்கு மெட்டு மட்டும் வாயில் வருகிறது, சொல் வரவில்லை.