எல்லாருக்கும் கொடுப்பதா, இல்லாதவருக்கு மட்டுமா? பிரிட்டன் பென்ஷன் சலுகைகள்: கேள்வி பதில்

பிரிட்டனில் பென்ஷன் வயதினருக்குக் கிடைக்கும் சலுகைகளுக்கு வருமான வரம்பு வேண்டுமா என்று கேட்டு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவதுதான் என் வேலை, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். நடுநடுவே என் கருத்தும் வரும். பிடிக்காவிட்டால் தாராளமாகச் சண்டை போடலாம்.

கேள்வி: மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் குளிர்கால எரிபொருள் பணம் 200 பவுண்ட் போகிறது. என்ன நியாயம் இது? இல்லாதவருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. 1997 முதல் எல்லாருக்கும் வந்துகொண்டிருந்த இந்தப் பணத்தை, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்ஷன் வயதினருக்கு அரசு தரும் கூடுதல் தொகை) போன்ற உதவி வாங்குபவர்களுக்கு மட்டும் என்று 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சுருக்கினார். ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோனது. மூன்று வீட்டுக்காரருக்கு நின்றது பற்றி எனக்கு வருத்தமே இல்லை. அவரோடு சேர்த்து வேறு யாருக்கெல்லாம் நின்றது என்பதுதான் என் கவலை.

கேள்வி: அண்ணா, அம்மா தனியாக இருக்கிறார். அரசு பென்ஷன் தவிர ஒரு பென்னி வருமானம் கிடையாது. 2024 குளிர்காலத்தில் அவருக்கும் வரவில்லை. எங்காவது தவறு நடந்திருக்குமா?

பதில்: தவறு எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது. அந்த நிதியாண்டில் தனியாக வாழ்பவருக்குப் பென்ஷன் கிரெடிட் வரம்பு வாரம் 218.15 பவுண்ட். புதிய முறையில் முழு அரசு பென்ஷனோ 221.20. வாரத்துக்கு 3 பவுண்ட் 5 பென்ஸ் கூடுதல், வருடத்துக்கு 158.60. இந்த 158 பவுண்ட் கூடுதலாக இருந்த குற்றத்துக்கு 200 பவுண்ட் போச்சு. பென்ஷன் கிரெடிட் கிடைத்திருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இலவசப் பல் வைத்தியம், 75 வயதுக்கு மேல் இலவச டிவி லைசென்ஸ் எல்லாமும் சேர்ந்தே போனது. எங்கே கோடு போட்டாலும் அதை ஒட்டி நிற்பவர்தான் அடி வாங்குவார். அவர் பணக்காரர் இல்லை.

ஒன்று பாருங்கள், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (அன்றாடம் பிறர் துணை தேவைப்படும் முதியவருக்கான உதவித்தொகை) கிடைத்தால், தனியாக இருப்பதால் அந்த வரம்பே வாரம் 80 பவுண்டுக்கு மேல் உயரலாம். அந்த அலவன்ஸுக்கு வருமான வரம்பு கிடையாது, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தகுதி இருந்தும் பலர் வாங்குவதில்லையாமே, சோம்பேறித்தனமா?

பதில்: 8,80,000 குடும்பங்கள் வரை தகுதி இருந்தும் பென்ஷன் கிரெடிட் வாங்காமல் இருக்கலாம் என்று 2024இல் அரசாங்கமே சொன்னது. அத்தனை பேரும் சோம்பேறிகளா? காகிதப் படிவத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள், எல்லாம் எல்லாருக்கும் இல்லைதான், ஆனால் 78 வயதில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பக்கம் புரட்டும்போது எதை விடலாம் என்று யார் சொல்வது? "நாற்பது வருஷம் உழைச்சவன், என் பேங்க் புக்கை எவனுக்குக் காட்டணும்?" என்று படிவத்தை மூடிவைத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அந்த வெறுப்புக்குப் பழைய காரணமும் உண்டு. 1930களில் வேலை இழந்தவர்களின் வீட்டுக்குள் அதிகாரிகள் வந்து, மகன் சம்பளம் முதல் மேசை நாற்காலி வரை கணக்கெடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கும் பணத்தில் இந்த வெட்கம் இல்லை, தானாக வங்கிக்கு வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் 14,000 பவுண்ட் சேமிப்பு இருக்கிறது. இறுதிச் செலவுக்கு வைத்தது. பென்ஷன் கிரெடிட்டைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். 10,000 வரை கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வாரம் 8, வருடம் 416 பவுண்ட். 4,000 பவுண்டுக்கு 416 என்றால் 10 சதவீதத்துக்கு மேல். அப்படி வட்டி தரும் வங்கி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஊரில் காணியோ வீடோ இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், மறைக்காதீர்கள்.

கேள்வி: இப்போது குளிர்கால எரிபொருள் பணத்தை மறுபடி எல்லாருக்கும் தருகிறார்களே? எனக்கு வருடம் 36,000, மனைவிக்கு 9,000.

பதில்: 2025 ஜூனில் அரசாங்கம் பின்வாங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாருக்கும் பணம் வரும், வரிக்குரிய வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவரிடம் மட்டும் வரித்துறை திரும்பப் பிடித்துக்கொள்ளும். இருவரும் 80க்குக் கீழே என்றால் ஆளுக்கு 100. உங்கள் 100 போகும், மனைவியுடையது இருக்கும்.

முதலில் கொடு, வசதி உள்ளவரிடம் வரியில் பிடி என்பதுதான் சரியான வழி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் 35,000 என்ற கோடு முட்டாள்தனம். ஆளுக்கு 34,000 வாங்கும் தம்பதிக்கு முழுசாக வரும், தனியாக 35,100 வாங்கும் விதவைக்கு ஒரு பவுண்ட்கூட மிஞ்சாது. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் லட்சக்கணக்கில் வைத்திருந்தாலும் அந்த வட்டி கணக்கில் வராது. அரசு பென்ஷனுக்கு வரி உண்டல்லவா, அதுபோல இதையும் வரிக்குரியதாக்கி இருந்தால் 20 சதவீதக்காரர் 200இல் 40 கட்டுவார், 40 சதவீதக்காரர் 80 கட்டுவார், கோடே தேவைப்படாது. அதில் சின்ன வருமானக்காரருக்கும் கொஞ்சம் கடிக்கும், உண்மைதான். ஆனாலும் மொத்தமாகப் பறிபோகாது.

கேள்வி: மூன்று மாதம் ஊருக்குப் போய் வரலாமா?

பதில்: அரசு பென்ஷன் மட்டும் என்றால் தாராளமாக. பென்ஷன் கிரெடிட் வாங்குகிறீர்கள் என்றால் பொதுவாக நான்கு வாரம்தான், மரணம், மருத்துவம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். போகும்முன் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது, வாடகை கட்டவே திணறுகிறேன். என் வரியில் ஏன் இவர்களுக்கு?

பதில்: கோபம் புரிகிறது தம்பி. ஆனால் இடம் மாறிக் கோபப்படுகிறீர்கள். குளிர்காலப் பணம் ஏதோ 2 பில்லியன் சமாச்சாரம், அரசு பென்ஷன் வருடத்துக்கு 130 பில்லியனுக்கு மேல். விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், மூன்றில் எது அதிகமோ அந்த அளவு பென்ஷன் உயர வேண்டும் என்ற டிரிப்பிள் லாக் பற்றிக் கேளுங்கள், அங்கேதான் உண்மையான பணம் இருக்கிறது. அதைத் தொட எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை.

கேள்வி: பஸ் பாஸுக்கும் வரம்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். காரில் போகிறவர் பாஸை எடுக்கவே போவதில்லை.

கேள்வி: 80 ஆனதும் பென்ஷனில் வாரம் 25 பென்ஸ் கூடியிருக்கிறது. கணினிக் கோளாறா?

பதில்: இல்லை ஐயா, அது 1971இல் வந்த, வயதானவருக்கான கூடுதல் படி, இன்னும் அதே 25 பென்ஸ்தான். டிசம்பரில் 10 பவுண்ட் கிறிஸ்துமஸ் போனஸும் வரும், அது 1972இல் வந்தது, அதுவும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் வருமான வரம்பு கிடையாது.