காய்க்காத மாங்கன்றின் ரகத்தை டிஎன்ஏ மூலம் அறிய

இமாம்பசந்த் என்று வாங்கிய ஒட்டுக்கன்றுகள் இன்னும் காய்க்கவில்லை, இலையை வைத்தே ரகம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமில்லாத இமாம்பசந்த் மரத்தின் இலையும் வேண்டும். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் வெறும் எண்கள்தான் மிஞ்சும்.

மாவின் டிஎன்ஏவில் சில இடங்களில் 'ஜிஏ ஜிஏ ஜிஏ' என ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஒவ்வோர் இடத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். தசேரியையும் நீலத்தையும் சேர்த்து உருவாக்கிய ஆம்ரபாலி ரகத்தில் ஒன்று தசேரியுடையது, மற்றது நீலத்துடையது. ஓரிடம் பொருந்தியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆய்வகத்தில் 10, 15 இடங்களாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இலையை ஒட்டுக்கு மேலே உள்ள கிளையில்தான் பறிக்க வேண்டும். கீழே தளிர்ப்பது ஒட்டுக் கட்ட அடியில் வைத்த வேர்க்கன்று, அதன் டிஎன்ஏ வேறு. இளந்தளிராக எடுங்கள், முற்றிய இலையில் துவர்ப்புச் சத்து அதிகம், டிஎன்ஏ சுத்தமாகப் பிரியாது.

அப்புறம், எல்லாக் கன்றுக்கும் ஒரேயடியாகச் செலவழிக்க வேண்டாம். தளிரைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை மாறுபடும் கன்றுகளை முதலில் அனுப்புங்கள்.