வயிற்றைக் கெடுத்தது மிளகாயா, மாத்திரைப் பொட்டலமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் தரும் செட் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக வயிறு எரிகிறது. காரத்தை அடியோடு நிறுத்தியும் குறையவில்லை. மிளகாய் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: மிளகாயை விட்டுத்தள்ளுங்கள் அம்மா. போகிறபோக்கில் சொன்னீர்களே செட் மாத்திரை, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

காரம் எரிவது நிஜம்தான். சூட்டை உணர நரம்பு நுனியில் ஓர் உணர்வி இருக்கிறது. 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் பட்டதும், சூடே இல்லாமல் 'சுடுகிறது' என்று அது அலறும். நாக்கில் மட்டுமல்ல, இரைப்பை முதல் ஆசனவாய் வரை இருக்கிறது. (காரமாகச் சாப்பிட்ட மறுநாள் காலை நினைவிருக்குமே!) ஆனால் அலறல் வேறு, புண் வேறு. அந்தச் சேதி போனதும் இரைப்பைச் சுவருக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. சுவரின் மேல் கொழகொழவென்று ஒரு சளிப்படலம். அதிலுள்ள பைகார்பனேட் என்ற உப்பு, அமிலம் சுவரைத் தொடுமுன் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

இந்தக் காவலைக் கவனித்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்று உடம்பே சுரக்கும் ஒரு வேதிப்பொருள். மூட்டில் வலியைக் கூட்டுவதும் அதேதான். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அது சுரப்பதையே தடுக்கின்றன. மூட்டு இதமாகும், வயிறு காவலில்லாமல் கிடக்கும். சாப்பிட்டபின் போட்டாலும், ஊசியாகவே போட்டாலும் ரத்தம் வழியாக வந்து இதையேதான் செய்யும். கூடவே தரும் கேஸ் மாத்திரை இரைப்பையை ஓரளவு காக்கும், சிறுகுடலைக் காக்காது.

என்னிடம் வருபவர்கள் பிரிக்கும் பொட்டலத்தைப் பார்க்க வேண்டுமே! பேப்பர் கவரில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கேப்ஸ்யூல் ஒன்று. சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையில் சிவப்பில் அச்சடித்திருப்பார்கள். அந்த அட்டையையே கத்தரித்துவிட்டால் யார் படிப்பது? யார் வந்து கேட்கிறார்கள்? சட்டம் பாட்டுக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். என்னைப் படித்த வேகத்தில் மொத்தப் பொட்டலத்தையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்தச் செட்டுகளில் ஸ்டீராய்டு கலந்து வருவது சகஜம். மூன்று மாதம் உள்ளே போயிருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும்; திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது வரை போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எது ஸ்டீராய்டு என்று உங்களால் சொல்ல முடியாது, பேரில்லாத மாத்திரையைப் பார்த்து என்னாலும் முடியாது. கடைக்காரரிடம் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வயதுக்கு எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) தேவைப்படும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் புண்ணாக்கும், அதையும் அதிலேயே பார்த்துவிடலாம். இந்தக் கிருமிக்கென்று, பேக்கேஜாக லேப் ஏஜென்ட் தலையில் கட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டாம். கிருமி ஒழிந்து வெகுநாளாகியும் அது 'இருக்கிறது' என்றே காட்டும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ நாளை வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், பொட்டலத்தோடு.