மாட்டை விற்காமலிருக்க மக்காச்சோளம்

கேள்வி: மசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள், மண்ணைக் கிளறுவதையே தப்பாக நினைப்பவர்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது அவர்களும் மக்காச்சோளம் போடுகிறார்களாமே? மாட்டை விட்டுவிட்டார்களா?

பதில்: விடவில்லை. மாடு கையை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் சோளம் போடுகிறார்கள்.

வடக்குத் தான்சானியாவில், அரூஷா நகரத்துத் தானியக் கடை ஒன்றில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். சிமான்ஜிரோ பக்கத்து மசாய்ப் பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கை. சந்தையில் காளையை விற்ற கையோடு கடைக்கு வருவார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் வாங்குவார். பல் பதிந்தால் ஈரச் சோளம் என்று திருப்பிப் போட்டுவிடுவார். நல்ல வருஷத்தில் ஒரு காளைக்கு ஏழு மூட்டை ஏற்றிப் போனவர், 2009 வறட்சியில் எலும்பு துருத்திய காளையை விற்றுவிட்டு வந்தார். காசு இரண்டு மூட்டைக்குத்தான் தேறியது. மழை பொய்த்தால் மாட்டு விலை சரியும், அதே மாதம் சோள விலை ஏறும். நடுவில் மாட்டிக்கொள்பவர் இவர்.

அடுத்த மார்ச் மழைக்கு இரண்டு ஏக்கர் உழுது சோளமும் பீன்ஸும் போட்டுவிட்டார். “இந்த வருஷம் உன் முதலாளி என் மாட்டைத் தின்ன முடியாது” என்றார் என்னிடம். முதலாளி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மண்ணைக் கிளறுவது பற்றி நீங்கள் படித்தது பொய்யில்லை. புல் அவர்களுக்குப் புனிதம். சமாதானம் என்று காட்டப் புல்லைக் கையில் பிடிப்பார்கள். பெரியவரும் கடைசிவரை ஜெம்பேயைத் (மண்வெட்டி) தொடவில்லை. உழவுக்கு ஆள் வைத்தார், களையெடுப்பு மனைவிமார் பாடு. ஆனால் விவசாயம் அவர்களுக்கு முழுக்கப் புதிதும் இல்லை. 1890களில் கொள்ளைநோய் வந்து மாடுகளை வாரிக்கொண்டு போனபோது பலர் பயிர் செய்யும் உறவுக்காரர்களிடம்தான் ஒதுங்கினார்கள். மேரு மலைச் சரிவில் வாழையும் சோளமும் வைக்கும் அரூஷா என்ற இனத்தவர் பேசுவதும் மசாய்கள் பேசும் அதே ‘மா’ மொழிதான்.

கேள்வி: வயிற்றுக்காக மட்டுமா?

பதில்: பாதி வயிற்றுக்கு, பாதி நிலத்துக்கு. உழாத நிலம் அதிகாரி கண்ணுக்குக் காலி நிலம். மேய்ச்சலுக்கு என்று விட்டுவைத்த வெளியை நாளைக்கு வெளியூர்க்காரர் யாரோ டிராக்டரோடு வந்து கேட்டால், “இதோ என் சால்” என்று காட்ட ஏதாவது வேண்டும். கென்யாவில் கதை வேறு. 1968 சட்டப்படி குழுப் பண்ணைகளாக (பலருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம்) இருந்த நிலங்களைப் பிறகு தனித்தனித் துண்டாகப் பிரித்தார்கள். துண்டு நிலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு எங்கே போவது? கொஞ்சம் பயிர் வைத்தார்கள், கொஞ்சத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். நாரோக் பக்கத்துக் கோதுமை வயல்களில் பல அப்படி வந்தவைதான்.

கேள்வி: உங்கள் தான்சானியாவில், ங்கோரோங்கோரோவில் பயிர் வைக்கத் தடையா?

பதில்: ஆமாம். வனவிலங்கும் மசாய்களும் சேர்ந்து வாழட்டும் என்று 1959இல் ஏற்படுத்திய பகுதி அது. 1975இல் பயிருக்குத் தடை, 1992இல் அனுமதி, 2009இல் மறுபடி தடை. அங்கிருந்து வருபவர்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஆட்டையோ மாட்டையோ விற்றாக வேண்டும். எங்கள் கடைக்கு வியாபாரம். எழுதிய எனக்குத்தான் கை கூசும்.

கேள்வி: மழை குறைந்த பூமியில் சோளம் விளையுமா?

பதில்: பல வருஷம் விளையாது. விளைந்தாலும் வரிக்குதிரையும் யானையும் பங்குக்கு வரும். இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் இருக்க வேண்டும். ஒரு வருஷம் கதிர் பிடிக்கிற சமயத்தில் மழை நின்றுவிட்டது. பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். தட்டை இடுப்பு உயரத்தில் காய்ந்து நின்றது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் காது கொடுக்கவில்லை. முள்வேலியை ஒரு பக்கம் இழுத்து விலக்கி, மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கொல்லைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.