விளம்பர நினைவும் யாழ்ப்பாணத்து இடைவெளியும்

மதிப்புக்குரிய எழுத்தாளருக்கு,

தொண்ணூறுகளின் தொலைக்காட்சி விளம்பரங்களைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கொண்டாடும்போது, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வளர்ந்த எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. எண்பதுகளின் நிர்மா சலவைத்தூள் விளம்பரப் பாட்டு மட்டும் இன்றும் வாயில் வருகிறது. இது என் மறதியா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மறதி அல்ல, அவற்றை நீங்கள் பார்க்கவே இல்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் திரும்பவில்லை. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கித் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதுப் புது விளம்பரங்களைக் கொண்டுசென்ற காலத்தில், நாங்கள் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்கு எரித்துக்கொண்டிருந்தோம். ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து விடிய விடிய வீடியோவில் படம் பார்த்தவர்கள்கூட, எண்ணெய் எரிகிறதே என்று கசற்றில் இருந்த விளம்பரத்தை வேகமாக ஓட்டிவிட்டுப் படத்துக்குத்தான் போனார்கள்.

எண்பதுகளின் கதை வேறு. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. ஆனால் எங்கள் அன்டெனாக்கள் இந்தியாவையும் தேடின. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து வந்த தூரதர்ஷன் அலைகள், கடல்மேல் தங்கும் குளிர்ந்த ஈரக் காற்றுக்கு மேலே வெப்பமான உலர்காற்று படரும் வேளைகளில் வளைந்து தொடுவானத்தைத் தாண்டின. அப்போது படம் தெளிந்தது. ஒருவர் முற்றத்தில் நின்று அன்டெனாக் குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும்!" என்று கத்துவார். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த படத்தில் வந்தது விளம்பரமே ஆனாலும் எவரும் எழுந்து போகவில்லை. இந்தி அறியாத பிள்ளைகளுக்கு நிர்மா பாட்டு மனப்பாடமானது இப்படித்தான். கடையில் கேட்டு வாங்கியது யாழ்ப்பாணத்திலேயே செய்த மில்க்வைற் சவர்க்காரம், வாய் பாடியது நிர்மா.

2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் பல அலைவரிசைகள் வந்தன. கையில் ரிமோட்டும் வந்தது, விளம்பரம் வந்தால் அலைவரிசையை மாற்றிவிடலாம். ஆகவே தமிழ்நாட்டாரின் பட்டியலை நம் நினைவாக ஏற்க நான் விரும்பவில்லை. நமக்கென ஒரு பட்டியல் வேண்டும், அதில் தொண்ணூறுகள் வெறுமையாகவே இருக்கட்டும்.

அதற்கு உங்களால் உதவ முடியும். எண்பதுகளில் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்த வீடியோக் கசற் வீட்டில் எங்காவது கிடந்தால், நிகழ்ச்சிகளுக்கு இடையே அக்கால விளம்பரங்களும் இருக்கக்கூடும். பூஞ்சணம் பிடித்திருந்தால் நேரே ஓடவிடாதீர்கள். நாடாவோடு அதை ஓட்டும் வீடியோ டெக்கும் பழுதாகும். துப்புரவாக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முழுவதையும், விளம்பரங்களை வெட்டாமல், பிரதியெடுக்கச் சொல்லுங்கள்.