வெயிலில் கண்ணைத் திறக்காத குழந்தை

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. ஒரு வயதிலிருந்தே முகத்திலும் முன்கைகளிலும் கரும்புள்ளிகள் வருகின்றன. கர்ப்பமாக இருந்தபோது தினமும் உச்சிவெயிலில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வையே வளைத்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனதா? மாமியாரும் அப்படித்தான் சொல்கிறார். எனக்குக் கழுத்தில் சிறு மருக்கள் உள்ளன. செல்போன் வெளிச்சமும் கெடுதலாமே? மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவியும் புள்ளிகள் குறையவில்லை. வெளியே போனால் பையன் கண்ணைத் திறக்கவே மாட்டான். கணவர் என் தாய்மாமன் மகன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நீங்கள் பட்ட வெயில் பிள்ளையைத் தொடவில்லை. புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டிக் கருப்பைக்குப் போவதில்லை. தோல் செல்லில் நேர்ந்த பழுது பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கழுத்து மரு, வளராமல் நிறம் மாறாமல் இருக்கும்வரை, ஒன்றும் செய்யாது. செல்போன் திரையிலிருந்து பொருட்படுத்தும் அளவுக்குப் புற ஊதா வருவதில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகளைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள்ளாகவே வெயில் படும் இடங்களில் புள்ளிகள், வெளிச்சத்தில் தாங்க முடியாத கண்கூச்சம், பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். இவை சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் தேடுவது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோயை.

நீங்கள் படித்தது பாதி உண்மை. டி.என்.ஏ.யின் ஓர் இழையில் தைமின் என்ற வேதி எழுத்து இரண்டு அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் புற ஊதா பட்டால், அவை தமக்குள் பிணைந்துகொள்கின்றன. எதிர் இழையோடு சரிவரப் பொருந்த முடியாமல் அந்த இடம் வளைந்துவிடுகிறது. வெயிலில் நடக்கும் எல்லோருக்கும், எனக்கும்தான், இது தினமும் நடக்கிறது. இணையம் சொல்லாமல் விடுவது அடுத்த கட்டத்தை. செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் அந்த வளைவைக் கண்டுபிடித்து, பழுதைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்து நீளத் துண்டை வெட்டி எறிந்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்டிவிடுகின்றன. இந்தப் பழுதுபார்ப்பு சிலருக்குப் பிறவியிலேயே சரியாக நடப்பதில்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அவர்களைத்தான் இந்த நோய் பிடிக்கிறது. பழுது தங்கிவிடுவதால் செல் பிரியும்போது தவறான எழுத்து பதிகிறது. வெயிலைத் தடுக்காமல் விட்டால் 10 வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம். கருவிழியும் கெடும்.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்று ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை, இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். இந்த வாரமே அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். புள்ளிகளுக்கு நடுவே கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால் வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

களிம்பை இன்றே நிறுத்துங்கள். இப்படிக் கொடுக்கப்படும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. குழந்தையின் முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், புள்ளி போகாது. பரிசோதனை முடியும்வரை பகலில் வெளியே விளையாட விடாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் எல்லாம் வேண்டும். மூடிய ஜன்னலை நம்பாதீர்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் ஒரு பகுதியை உள்ளே விடும், கனமான திரை போடுங்கள். வெயில் படாததால் வைட்டமின் டி குறையலாம். அதற்கான மருந்தையும் மருத்துவரே அளவு பார்த்துத் தரட்டும், நீங்களாக வாங்க வேண்டாம்.

நோய் உறுதியானால் பழுதான மரபணு உங்கள் இருவரிடமிருந்தும்தான் வந்திருக்கும், உங்கள் ஒருவரிடமிருந்து அல்ல. ஒவ்வொரு கருவுக்கும் இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த குழந்தையைப் பற்றி மரபணு ஆலோசனைக்குப் பிறகு முடிவெடுங்கள்.